முப்பத்திரண்டுக்கு அப்புறம்

சிவப்பு விளக்கு எரிந்த மறுகணமே ஞானாபரணம் எண்ண ஆரம்பித்துவிட்டார். எண்ணக் கூடாது என்று மூன்று பேரும் கூடிப் பேசி முடிவு கட்டி, அந்த முடிவின் மேல் ஆளுக்கொரு டீயும் குடித்து இன்னும் முழுசாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை. ஒன்று இரண்டு மூன்று நாலு, அது ஒரு பார், ஒன்று இரண்டு மூன்று நாலு, அது ரெண்டாவது பார், உதடு அசையக் கூடாது, அசைந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இஞ்சினியர் பிரிட்டோ பார்த்துவிடுவான், பிரிட்டோ பார்த்தால் தாரிணிக்குச் சொல்வான், சொல்லவே வேண்டாம், புருவத்தைத் தூக்கினால் போதும், அவளுக்குப் புரிந்துவிடும், காலையில் பல் பிடுங்கிவிட்டு மத்தியானம் சாக்சபோன் ஊதுகிற பெண், ஆள் வாயைத் திறக்கு முன்னே எந்தப் பல் சொத்தை என்று கண்டுபிடிக்கிறவள். மூன்று. சாலிகிராமத்து வீட்டு மாடியில், சுவரெல்லாம் கருப்புப் பஞ்சு ஒட்டிய இந்த அறையில் வெளிச் சத்தம் ஒரு பொட்டு வராது, மத்தியானம் ரெண்டே முக்கால் என்பதையே சுவர்க் கடிகாரம் சொல்லித்தான் நம்ப வேண்டும், ஏசி பின்கழுத்தில் ஊதுகிறது, நெஞ்சோடு சாய்ந்து நிற்கிறது டபுள் பேஸ் என்கிற ராட்சச வயலின், அவரைவிட ஒரு சாண் உயரம், அவரைவிட நல்ல வயிறு. நாலு. சாக்சபோன் ஒரு மூச்சை எடுத்து எங்கேயும் போகாமல் அதே இடத்தில் வைத்துத் தேய்க்கிறது, டிரம்ஸில் முனவ்வர் பிரஷ்ஷால் எதையோ பெருக்குகிறான், தாளமில்லை, தாளம் மாதிரியும் இல்லை, வீட்டைக் காலி பண்ணிப் போகிறவர்கள் கடைசியாகக் கூட்டிவிட்டுப் போவார்களே அந்த மாதிரி, இதில் போய் நாலு நாலாக அடுக்குகிறார் ஞானாபரணம். ஐந்து. நாற்பத்து நாலு வருஷம் சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றவர், இசைக்குறிப்புக் காகிதத்தில் ‘முப்பத்திரண்டு பார் சும்மா இரு’ என்று போட்டிருந்தால் முப்பத்திரண்டு பாரும் சும்மா இருந்து முப்பத்துமூணாவதின் முதல் தட்டில் விரலை வைப்பவர், அந்த முப்பத்திரண்டுக்குள் மகள் கல்யாணத்துக்குப் பந்தல்காரனையே யோசித்து முடித்தவர், எண்ணிக்கை தவறியதே கிடையாது, ரயில் தண்டவாளம் மாதிரி அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கழற்றி வை என்றால் எதைக் கழற்றுவது? ஆறு.

“அங்கிள், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே” என்றான் முனவ்வர், பத்து நிமிஷத்துக்கு முன்னால் டீ குடிக்கும்போது. டிரம்ஸ் அவனுக்கு ஆசை, உத்தியோகம் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அதுதான் வினை. “சொல்லுங்க வாத்தியாரே” என்றார் இவர். “முதல் ரெண்டு டேக்லயும் நீங்க முப்பத்திரண்டு பார் எண்ணி முடிச்சிட்டுத்தான் உள்ள வந்தீங்க. ரெண்டு தடவையும் கரெக்டா முப்பத்துமூணாவதுல முதல் தட்டு. நான் வாசிக்கிறதுல தட்டே இல்ல, எதை அங்கிள் எண்ணுனீங்க?” இவர் டீயை ஒரு மிடறு கூடுதலாகக் குடித்து நேரம் வாங்கிக்கொண்டு, “நானா? எண்ணுறதா? கப்பல்ல மூணு நாள் நாங்க” என்று தன் பழைய கப்பல் கதையை ஆரம்பித்தார். “கப்பல்ல எண்ணல, சரி. இங்க எண்ணுறீங்க” என்றான் வாத்தியார். தாரிணி சிரிக்கவில்லை, வேறு நாளாயிருந்தால் கப்பல் என்றதும் சிரிப்பாள். “இன்னும் ஒரே டேக் அங்கிள். எண்ண வேண்டாம். எப்ப தோணுதோ அப்ப வாங்க. தோணலைன்னா வராதீங்க.” தோணலைன்னா வராதீங்க. ஒன்பது, பத்து, நடுவில் ரெண்டு எங்கே போயிற்று, இல்லை, போகவில்லை, எண்ணியாயிற்று, நாம் கவனிக்காவிட்டாலும் அது எண்ணும். நாளைக்கு முனவ்வர் ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறான், ரெண்டு வருஷப் படிப்பு, ஆகவே இதுதான் கடைசி, இது சரியாக வந்தால் ஆல்பம், மூன்று பேர் பெயரும் அட்டையில், வராவிட்டால் என்ன என்பதை யாரும் இவரிடம் சொல்லவில்லை, ஆனால் கை கழுவப் போனபோது மாடிப்படி வளைவில் தாரிணி பிரிட்டோவிடம் சொன்னது காதில் விழுந்தது, பேஸ் வாசிக்கிறவன் காதுக்குத் தாழ்ந்த குரல்தான் நன்றாகக் கேட்கும், அது அவளுக்குத் தெரியாது. “அங்கிள் செட் ஆகலைன்னா அவரோட மைக்கை மூடிட்டு நாங்க ரெண்டு பேரா போட்டுடலாம். பாவம், அவர்கிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்.” பாவமாம். பன்னிரண்டு. ஆயிரக்கணக்கில் பாட்டு, கல்யாண வீட்டில் ஓடும், பஸ்ஸில் ஓடும், சலூனில் ஓடும், அதிலெல்லாம் அடியில் முணுமுணுத்துக்கொண்டு கிடப்பது இவர்தான், ஆனால் ஒரு அட்டையிலாவது ஞானாபரணம் என்று ஆறெழுத்து அச்சானதுண்டா? இவர் மனைவி ஜெயசீலி ஒருமுறை ரேடியோவோடு காதை ஒட்டவைத்துக் கேட்டுவிட்டு, “நீங்க வாசிக்கிறது எங்கங்க கேக்குது” என்றாள். “நான் நிறுத்தினா தெரியும்” என்றார். “அப்ப ஒருதரம் நிறுத்திக் காட்டுங்க” என்றாள் அந்தப் புண்ணியவதி.

பதினேழு. தாரிணியின் மூச்சு சாக்சபோனுக்குள் நடுங்கிக்கொண்டு ஏறுகிறது, அவள் கண் ஓரமாக இவர் பக்கம் வந்து போகிறது, வரச் சொல்கிறாளா, அங்கேயே நில் என்கிறாளா, காகிதமிருந்தால் அதில் போட்டிருக்கும், காகிதம் கண்ணைப் பார்க்காது. எல்லாம் அந்தக் கப்பலால் வந்தது. ஒரு கல்யாண வரவேற்பில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்ற பெண்ணிடம், அவள் சாக்சபோன்காரி என்று தெரிந்ததும், வாய் சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை, பினாங்குக்குப் போன கப்பலில் பாண்டு வாத்தியம், வங்காள விரிகுடாவில் புயல், ஓர் அலை வந்து நொட்டேஷன் காகிதத்தையெல்லாம் வாரிக்கொண்டு போக, மூன்று நாள் ஒரு குறிப்பில்லாமல் கைக்கு வந்ததை வாசித்தார்கள், பின்னாலேயே ஒரு திமிங்கிலம் வாலால் தாளம் போட்டுக்கொண்டு நிக்கோபார் வரை வந்தது, வாசிப்பை நிறுத்தியதும் அது ஒரு பெருமூச்சு விட்டதில் கேப்டனின் தொப்பி பறந்துபோயிற்று. அந்தப் பெண் ஐஸ்கிரீமைக் கீழே வைத்துவிட்டாள். “அங்கிள், காகிதம் இல்லாம வாசிக்கிற பேஸ் ஊரெல்லாம் தேடுறேன்” என்றாள். உண்மை என்னவென்றால் மச்சானைக் கப்பலேற்ற துறைமுகத்துக்குப் போனவர், உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்க மறந்து, கேட்டுக்கு வெளியே நின்று புகைப்போக்கியை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர். “போன கிறிஸ்மஸ்ல அது சுறாவாத்தானே இருந்துச்சு” என்றாள் ஜெயசீலி, திரும்பி வரும்போது ஆட்டோவில். வளர்ந்திருக்கும் என்றார் இவர். இருபத்திரண்டு, இருபத்துமூன்று. வாய்க்கு இதெல்லாம் எப்படி வருகிறது? கதை ஆரம்பிக்கும்போது திமிங்கிலம் இல்லவே இல்லை, சத்தியமாக இல்லை, அந்தப் பெண் முகத்தைப் பார்த்ததும் தண்ணீருக்குள்ளிருந்து தானாக எழுந்து வந்தது, தொப்பி அதற்குப் பின்னால் வந்தது, எங்கே முடியும் என்று தெரியாமல்தான் வாய் கிளம்பிப் போகிறது, போய்ப் பத்திரமாகத் திரும்பியும் வருகிறது, ஆனால் கை, இந்தக் கை, காகிதத்தில் போடாத ஒரு சுரத்தைத் தொடச் சொன்னால் போலீஸ்காரனைப் பார்த்த சைக்கிள்காரன் மாதிரி இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறது. இருபத்தெட்டு. வருகிறது. இருபத்தொன்பது. வரக் கூடாது. முப்பது, விரல் தானாகக் கம்பிக்குப் போய்விட்டது, பாவி, முப்பத்தொன்று, முனவ்வர் தலையைத் தூக்கிப் பார்க்கிறான், வாத்தியாரும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறான், முப்பத்திரண்டு, கையை வைக்காதே, வைக்காதே, வைக்காதே.

வைக்கவில்லை. முப்பத்துமூன்று அவர் கண்ணெதிரே நிற்காத பஸ்ஸைப் போலப் போயிற்று. முனவ்வர் லேசாகத் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். சரி, தப்பித்தோம் என்று ஒரு கணம் இருந்தது, அடுத்த கணம்தான் புரிந்தது இனிமேல் உள்ளே போக வாசலே இல்லை என்று. நாற்பதில் போகலாமா, நாற்பதும் எட்டால் வகுபடும், அவன் கண்டுபிடிப்பான். நாற்பத்தொன்று? அது வேண்டுமென்று வகுபடாத எண்ணைத் தேடிப் பிடித்தது, அதையும் கண்டுபிடிப்பான், கணக்கு வாத்தியாருக்கு வகுபடாத எண் என்றால் கொள்ளைப் பிரியம். அறுபத்து நாலு போயிற்று, எழுபது போயிற்று, சர்ச்சுப் பலகையில் பாட்டு எண் மாற்றுகிற மாதிரி எண்கள் மாறிக்கொண்டே போகின்றன, ஆனால் பாட்டு மட்டும் ஆரம்பிக்கவில்லை, எதிர்ச்சுவர் கடிகாரத்தில் மூன்றடிக்க எட்டு நிமிஷம், ஏழு நிமிஷமாக ஓர் ஆள் ஆளுயர வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார், ரெண்டு பேர் அவரைச் சுற்றி வாத்தியத்தாலேயே சண்டை போட்டுச் சமாதானமாகி மறுபடி சண்டை போடுகிறார்கள். சங்கடத்தில் பின்னால் ஓரடி நகர்ந்து, வாத்தியத்தையும் நகர்த்தி வைத்தார். தோணலைன்னா வராதீங்க. தோணவில்லையே. தோன்றுவது என்றால் அது எப்படி இருக்கும், தும்மல் மாதிரியா, ஒருவேளை ஆயுசில் ஒருதரம்தான் தோன்றுமா, அப்படியென்றால் அது தோன்றியாயிற்றே. வேண்டாம், அதை நினைக்காதே. எண்பத்தாறு, எண்பத்தேழு. நினைக்காதே என்றால் நிற்குமா, எண்பத்துமூன்றாம் வருஷம், ஆடி மாசம், பெரிய கூடம், நாற்பது பேர், வயலின்கள் முன்னால், கடைசி மூலையில் இவரும் இவருக்குப் பக்கத்தில், டபுள் பேஸுக்குத் தம்பியான செல்லோவோடு தாமோதரனும், சாவுக் காட்சிக்கான வாசிப்பு, ஏழாவது பாரின் முடிவில் காகிதத்தில் போட்டிருந்ததற்கு அரைச் சுரம் கீழே இவர் விரல் போய் உட்கார்ந்தது. ஏன் போயிற்று? வழுக்கவில்லை, அதுதான் யாரிடமும் சொல்லாதது, வழுக்கவே இல்லை, போக வேண்டும் போலிருந்தது, போயிற்று, கூடம் முழுக்க வெயில் மறைந்து மேகம் வந்த மாதிரி ஆயிற்று, நாற்பது பேர் முதுகிலும் அது தெரிந்தது, ஒரு நொடி. இசையமைப்பாளர் கையைத் தூக்கினார், எல்லாம் நின்றது. “யாரு அது?”

யாரு அது. அவ்வளவுதான் கேட்டார், கத்தக்கூட இல்லை. ஞானாபரணம் காகிதத்தைப் பார்த்தார். அதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று முதல்முறை பார்க்கிறவர் போல மிகுந்த கவனத்தோடு பார்த்தார், வாய்க்கு ஆயிரம் கதை வருகிறவருக்கு ‘நான்’ என்ற ஒரு சொல் வரவில்லை. தாழ்ந்த சத்தம் மூலையிலிருந்துதான் வந்தது, மூலையில் இருந்தவர்கள் ரெண்டு பேர், இசையமைப்பாளரின் பார்வை ரெண்டில் ஒன்றின் மேல் போய் இறங்கியது. “தாமோதரா, நீ கொஞ்சம் வெளியில இரு.” தாமோதரன் எழுந்தார். வில்லின் மயிரைத் தளர்த்தினார். கம்பி மேல் படிந்த பிசின் தூளைத் துணியால் துடைத்தார், அவசரமே இல்லாமல் நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார், அந்த நேரத்தில் இவர் வாயைத் திறந்திருக்கலாம், நாலு கம்பி துடைக்கிற நேரம் குறைந்த நேரமா. இவர் எண்ணிக்கொண்டிருந்தார். கதவு சாத்திய சத்தம் பன்னிரண்டில் கேட்டது. அதற்கப்புறம் தாமோதரனை அந்தக் கூடத்துக்கு ரெண்டு மாசம் கூப்பிடவில்லை, கூப்பிட்டபோது வந்தார், பழைய நாற்காலியில் உட்கார்ந்தார், இடைவேளையில் எதிர் டீக்கடையில் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே, இவரைப் பார்க்காமல், ரோட்டில் போகிற மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “நல்லா இருந்துச்சு ஆபரணம், அந்தச் சுரம். ஒருதடவ வாசிச்சிட்டு ஓடிட்டியே.” அவ்வளவே. பிறகு பன்னைத் தின்றார். ஒன்பது வருஷம் கழித்து அவர் சாவுக்குப் போனபோது ஞானாபரணம் என்ன செய்தார் என்கிறீர்கள், தாமோதரனின் செல்லோவைக் கண்டு ஒரு தெருநாய் காதல் கொண்ட கதையைச் சொல்லி அழுதுகொண்டிருந்த அத்தனை பேரையும் சிரிக்க வைத்தார், தாமோதரன் பெண்டாட்டியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தொண்டையில் இருந்த வார்த்தை தொண்டையிலேயே இருந்தது, கதையை அதன் மேல் ஒரு மூடி மாதிரி போட்டுத் திருகிவிட்டு வந்தார். தொண்ணூற்றாறு. நூறு. நூறுக்கு மேல் எண்ணியதில்லை, நூறு பார் சும்மா இருக்கச் சொன்னவர் யாருமில்லை, கால் மரத்துப்போயிற்று, பேசாமல் பாத்ரூம் என்று சாடை காட்டிவிட்டு வெளியே போய்விடலாமா, பிரிட்டோ மைக்கை மூடட்டும், பாவம் என்று சொல்லட்டும், ஜெயசீலியிடம் என்ன சொல்வது, அதற்கு ஒரு சுறா கிடைக்காமலா போகும், நூற்று நாலு, நூற்று ஐ...

டபுள் பேஸின் அடியில் தரையில் ஊன்றி நிற்க ஓர் இரும்பு ஊசி உண்டு, வழவழத் தரையில் அது சறுக்கும், அதற்காக ஜெயசீலி அவருடைய பழைய ரப்பர் செருப்பின் குதிகாலை வட்டமாக வெட்டி நடுவில் துளை போட்டுக் கொடுத்திருந்தாள், அதில் ஊன்றிக்கொண்டால் அசையாது. அந்தச் செருப்புத் துண்டு ஓரடி முன்னால் தனியாகக் கிடந்தது. ஊசி வெறும் மரத்தரையில் நின்றிருந்தது. மரத்த காலை மாற்றி வைத்தார், அவ்வளவுதான், ஊசி சர்ரென்று ஓடிற்று, அவ்வளவு பெரிய உடம்பு அவர் மேலிருந்து நழுவிச் சரிய, விழப்போகும் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இடது கையால் கழுத்தைப் பாய்ந்து பிடித்தார், வலது கை எங்கேயோ அறைந்தது, ஆகப் பருத்த கம்பி எங்கோ ஓரிடத்தில் அழுந்தி அறை முழுக்க ஒரு சத்தம் போட்டது, கெட்டியான, இருண்ட, வெட்கங்கெட்ட ஒரு சத்தம், சுவர்ப் பஞ்சுகூட அதைத் தின்னத் தயங்கியது. சாக்சபோன் நின்றது. முனவ்வரின் பிரஷ் அந்தரத்தில் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் பிரிட்டோ பாதி எழுந்து நின்றான். அந்த அமைதிக்குள் இவருக்கு மட்டும் கேட்டது, கத்தாமல், சாதாரணமாக, யாரு அது. கண் தன்னால் காகிதத்தைத் தேடிப் போயிற்று, காகிதம் இல்லை, ஸ்டாண்டே இல்லை, பார்க்க ஒன்றுமே இல்லை, பக்கத்தில் எழுந்து போகவும் யாருமில்லை. ஒருதடவ வாசிச்சிட்டு ஓடிட்டியே. விரல் விழுந்த இடத்திலேயே இருந்தது. ஞானாபரணம் அந்தச் சத்தத்தை மறுபடி போட்டார். இந்தத் தடவை கை அறையவில்லை, இழுத்து விட்டார், அது எழுந்து நின்றது. இன்னொரு முறை. தாரிணி அதன் மேல் மெல்ல மூச்சை வைத்தாள், கொதிக்கிற பாலின் மேல் ஊதுகிற மாதிரி. ஊசி மறுபடி சறுக்கப் பார்த்தது, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற வழக்கம், வெறும் காலின் பெருவிரல் இடுக்கைக் கொண்டுபோய் ஊசிக்கு முட்டுக் கொடுத்தார், ஒவ்வொரு இழுப்புக்கும் இரும்பு விரலிடுக்கில் ஏறி இறங்கியது, வலித்தது, வலித்தபோது சுரம் முன்னால் பாய்ந்தது, பாய்ந்த சுரத்துக்கு ஒரு காரணம் சொல்ல இன்னொரு சுரம் தேவைப்பட்டது, அதற்கு ஒரு சாட்சி, சாட்சிக்கு ஒரு மாமன் மச்சான், நேரங்கழித்து வீட்டுக்குப் போய் ஜெயசீலி கதவைத் திறந்ததும் வாயைத் திறப்பாரே, அதே மாதிரி, என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமல், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முனவ்வர் டிரம்ஸால் குறுக்கே விழுந்து ஒரு கேள்வி கேட்டான், பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினார், அவன் விடவில்லை, துரத்தினான், எண்பத்துமூன்றாம் வருஷத்து அந்த அரைச் சுரம் வழியில் நின்றது, தாண்டிப் போகாமல் அதன் மேலேயே உட்கார்ந்து அரைத்தார், மேகம் வந்தது, போகவில்லை, வெகுநேரம் போகவில்லை, யாரும் கையைத் தூக்கவில்லை. எத்தனையாவது பார் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூட விளக்கு அணைந்த பிறகுதான் தெரிந்தது.

விளக்கு அணைந்ததும் ஹெட்போனுக்குள் பிரிட்டோ தொண்டையைக் கனைத்து, “நாப்பத்தோரு நிமிஷம். நான் எதையும் தொடப் போறதில்ல” என்றான். தாரிணி சாக்சபோனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நேராக வந்து இவர் முன்னால் நின்றாள், வாயைத் திறங்க என்று சொல்லப் போகிறவள் மாதிரி முகத்தையே பார்த்தாள்.

“பத்து நிமிஷம் சும்மா நின்னீங்க அங்கிள். எனக்குப் பயமே வந்துடுச்சு. அப்புறம் அந்த முதல் அடி. அது எப்படித் தோணுச்சு?”

வாய் திறந்தது. திமிங்கிலம் தண்ணீருக்கடியில் தயாராக நிற்பதை ஞானாபரணம் உணர்ந்தார், முதுகு தெரிந்தது, மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

“தோணலம்மா” என்றார். “ஊசி வழுக்கிருச்சு. பெட்டி கீழ விழப் பாத்துச்சு, பிடிச்சேன். அதான் அந்தச் சத்தம். அதோ செருப்புத் துண்டு அங்க கிடக்கு பாரு.”

தாரிணியும் முனவ்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தாரிணி சிரித்தாள், மூன்று மணி நேரத்தில் முதல் தடவை. “கதை விடாதீங்க அங்கிள்.”

“அப்ப அந்தக் கால் ரத்தம்?” என்றான் முனவ்வர் குனிந்து பார்த்து. “அதுவும் வழுக்கினதா? இல்ல திமிங்கிலம் கடிச்சதா?”

இவர் கைக்குட்டையை எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டார். எழுபத்திரண்டு வயசில் ஓர் உண்மையைச் சொன்னால் அதற்குக் கிடைக்கிற மரியாதை இது. ஜெயசீலியிடம் சொல்ல வேண்டும், அவள் நம்புவாள், செருப்பை வெட்டியவள் அவள்தானே.

“மூணு பேர் பேரும் அட்டையில போட்டுடலாம்” என்றாள் தாரிணி, மைக்கை மூடச் சொன்னது வேறு யாரோ என்பது போல. “வாசிச்சதுக்குத்தான் ஒரு பேர் வேணும். ஒரே துண்டு, நாப்பத்தோரு நிமிஷம். நீங்க வெச்சாச் சரியா இருக்கும். பினாங்குன்னு வைக்கலாமா? இல்ல புயல்?”

ஞானாபரணம் நாலு கம்பியையும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். நாலாவது முடிந்ததும் துணியை மடித்தார்.

“தாமோதரன்னு வைங்க.”

“யாரு அது?” என்றான் முனவ்வர்.

கத்தாமல், சாதாரணமாகத்தான் கேட்டான். ஞானாபரணம் டிரம்ஸுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உட்காருங்க, சொல்றேன். இதுல கப்பல் கிடையாது.”